பட்டாணியின் பின்னங்கால்கள்

நைனா,

எனக்கு இன்றைக்கு மதிய ஷிப்டு. கம்பெனி பஸ் வந்துவிடும், அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். காரக்குழம்பு அடுப்பு மேலேயே இருக்கிறது. மூன்று நாளாக என் மேல் உள்ள கோபத்தைச் சோற்றின் மேல் காட்டியது போதும், சாப்பிடு.

காலையில் பூனைக்குட்டி பட்டாணியைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு அது நொண்டியதைப் பார்த்ததும் "நீதான் பாக்காம வண்டிய ஏத்திக்கீற"ன்னு கத்தினேனே, அது தப்பு. அடியே படவில்லை. டாக்டர் என்ன தீனி என்று கேட்டார். "எங்க நைனா கோழிக்கடையில வேல செய்றாரு சார், டெய்லி ஈரல் எடுத்துக்கினு வந்துடுவாரு. வேற எதையும் மோந்துகூடப் பாக்காது"ன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். ஈரலை மட்டுமே தின்றால் குட்டிக்கு எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேராதாம். அதனால்தான் பின்னங்கால் இரண்டும் துவண்டு, அரிசி டிரம் மேல் தாவப்போய் விழுந்திருக்கிறது.

ஐந்து மாதக் குட்டி, தேறிவிடும். எனக்குச் சந்தேகமே இல்லை. டிவி பக்கத்தில் வைத்திருக்கும் தீனியை மட்டும் போடு. எவ்வளவு கத்தினாலும் ஈரல் கிடையாது. நம் வலி மாத்திரையையும் உடைத்துக் கொடுத்துவிடாதே, பூனைக்கு அது விஷம். அட்டைப் பெட்டியை விட்டு இறங்க விடாதே.

ஷாரோன்

இன்னொன்று. நாளையிலிருந்து தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வா. சத்தம் கேட்டால் பெட்டியைத் தாண்டி, காலை இழுத்துக்கொண்டாவது வாசலுக்கு வந்துவிடும். தன் மேல் ஏறின வண்டியை எந்தப் பூனையாவது இப்படி ஓடிவந்து வரவேற்குமா? அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், நைனா.