சதுப்புநிலத்துக் குள்ளி பேசிய தமிழ்

நவ. 8, சனி

காலையிலிருந்து விடாத மழை. லீவு. வீட்டு நெட் படுத்துவிட்டது, போன் டேட்டாவில் ஒருவழியாக கேமின் எக்ஸ்பான்ஷன், அதாவது புதுப் பகுதி, இறங்கியது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆடுகிற கேம். மந்திரம், வாள், கோட்டை. கதை முடிந்தது என்று எல்லோரும் தலைமுழுகி எத்தனையோ வருஷம் கழித்து, இப்போது புதிதாக ஒரு சதுப்புநிலம், அதில் குள்ளப் பேய்கள். கூடவே ரசிகர்களே எழுதிச் சேர்த்த தமிழ் வசனம்.

தமிழ் ரசிகர் குழுவில் அடிதடி.
– "இதுக்காடா இத்தன வருஷம் காத்திருந்தோம்?"
– "அந்தப் பழைய மியூசிக் வந்ததும் அழுதுட்டேன்பா."
– "வாள் சண்டையை ஈஸி ஆக்கிட்டாங்க. துரோகம்."
கனடாக்காரர் ஒருவர் மூன்று பக்கத்துக்குப் புலம்பல். யாரும் படிக்கவில்லை.

சதுப்புநிலத்தில் குடிசை போட்டிருக்கும் ஒரு குள்ளி. நாம் கிட்டே போனால் திரையில் வசனம் வருகிறது: "யாருய்யா அது? இன்னா வேணும்? வூட்டாண்ட வராத, மண்டைய ஒடச்சிடுவேன்." வாய்விட்டுச் சிரித்தேன். உண்மையாகவே பிடித்திருந்தது.

குழுவில் ஒருத்தன், தெற்கத்திக்காரன், "இது என்ன பாஷை ப்ரோ?" என்று கேட்டான். அங்கே என் பெயர் கோட்டைக்காவலன். கை சும்மா இருந்ததா? எழுதினேன்: "பாகூர் பக்கம் நாத்து நடுறவங்க பேசுறது. பேய்க்குக்கூட இந்த நிலைமை வரக் கூடாது."

சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் இன்னொருத்தன். "பஸ்ஸில் போகும்போது கேட்டிருக்கேன்" என்றேன். அதே பாகூர் பக்கத்துச் செலியமேட்டில், என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

நவ. 9, ஞாயிறு

தூறல். நல்லவாடு கடற்கரையிலிருந்து வந்த மீன், குழம்பு நன்றாக இருந்தது. கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும், மறக்காதே.

என் கமெண்டை ஆளாளுக்குப் பகிர்ந்திருக்கிறார்கள். எவனோ படம் போட்டிருக்கிறான். குள்ளிக்குப் புடவையைத் தூக்கிச் செருகி, கையில் நாற்றுக்கட்டு. கீழே என் வரி. அம்மா இன்றைக்கும் நடவுக்குப் போகிறவள். படத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு திருப்பி, எத்தனை பேர் சிரித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். இப்படி ஒரு பிறவி.

கலா மத்தியானம் முழுக்க உம்மென்று இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை. திடீரென்று, "அந்தப் புது ஆட்டத்துல பேயிங்க பேசறதுலாம் எப்படி இருக்கு?" என்றாள். நான் இன்னும் அந்த இடத்துக்குப் போகவில்லை என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை.

நவ. 10, திங்கள்

ஷோரூமில் ஆடிட். தலைவலி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கலாவின் கண் வீங்கியிருந்தது.

"ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

சதுப்புநிலத்து வசனம் முழுக்க அவள் எழுதியதாம். பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள், ரசிகர்கள் ஆள் தேடுகிறார்கள் என்று பார்த்து, வேறு பெயரில் சேர்ந்திருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை.

"நீங்க ஆடறப்ப பக்கத்துல குந்திக்கினு பாக்கறேன், அதுங்க இங்கிலீஷ்ல என்னமோ கத்துதுங்க. நம்மூரு மாதிரி பேசுனா நீங்க சிரிப்பீங்கன்னு எழுதனேன். அத்த ஆடு தொரத்தறப்ப பேசும்ல, அதக் கேட்டுக் கேட்டுத்தான்."

அம்மா. என் அம்மா பேசுவதை.

"எவனோ கோட்டைக்காவலனாம். கையில கெடச்சான்னா வெளக்கமாத்தாலயே சாத்துவேன். அவனால ஊரே சிரிக்குது."

"வுடு. எவனோ வேல வெட்டி இல்லாதவன்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். தூ.

நவ. 11, செவ்வாய்

கமெண்டை அழித்தேன். பிரயோஜனம் இல்லை, ஆளாளுக்குப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். "காவலன் பயந்துட்டான்" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. கேஸ் புக் பண்ணியாயிற்று.

நவ. 12, புதன்

வசனக் குழுவின் தலைவர் கலாவுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார். எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள், "நல்ல தமிழில்" மாற்றிக் கொடுங்கள் என்று. கலா என்னிடமே உதவி கேட்டாள். உங்களுக்குத்தான் கேம் தெரியும், நல்லாவும் எழுதுவீங்க என்றாள்.

உட்கார்ந்து மாற்றினோம். "இன்னா வேணும்" போய் "தங்களுக்கு என்ன வேண்டும்" ஆனது. "மண்டைய ஒடச்சிடுவேன்" இருந்த இடத்தில் "தாக்குவேன்". கலா ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துப் பார்த்தாள். குரலில் உயிரே இல்லை. அம்மா டீ கொண்டுவந்தவள் நின்று கேட்டுவிட்டு, "யாருடா அது, கலெக்டரு பொண்டாட்டி மாதிரி பேசுது?" என்றாள். கலா சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இனிமேலும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை.

நவ. 13, வியாழன்

மழை விட்டது. துணியெல்லாம் வெயிலில்.

வேலைக்குக் கிளம்பும் முன் சொல்லிவிட்டேன். கலா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கோட்டைக்காவலன் நான்தான்" என்றேன். விளக்கமாற்றை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

"நீ எழுதுனதுன்னு தெரிஞ்சிருந்தா சத்தியமா அப்படிப் போட்டிருக்க மாட்டேன்."

"ஓ. வேற எவளாவது எழுதியிருந்தா போடலாம்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் நின்றேன். அவள் வெங்காயத் தோலைக் கூட்டித் தள்ளினாள். கோபமாகத் தெரியவில்லை. எதையோ யோசித்துக்கொண்டே வந்து, மெதுவாகக் கேட்டாள்.

"போன மாசம் உங்க ஷோரூம்காரங்க சாப்புட வந்தாங்களே. கலாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சி, பேச முடியாதுன்னு வாசல்லயே சொல்லிட்டீங்க. சமைச்சிட்டு அலுப்பா இருக்கறா, ஒக்காரட்டும்னு சொல்றாருன்னு நெனச்சிக்கினேன். எங்கம்மாகிட்டகூடப் பெருமையா சொன்னேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு அன்னிக்குத் தொண்ட நல்லாத்தான இருந்துச்சி?"