இரண்டாம் பக்கத்தில் ஒரு விக்கல்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து ஈ ஓட்டினோம். நான் கல்லாவில், அண்ணன் வழக்கம்போல் உள்ளறையில். பதினொரு மணிக்கு முதுகுப்பை மாட்டிய ஒரு பெண் வந்தாள். அரை மணி நேரம் பழைய பாட்டு ரெக்கார்டுகளைப் புரட்டினாள். ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னாள். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. பிறகு உறையை போனில் படம் எடுத்து எதையோ தேடினாள். "ஆன்லைன்ல கிடைக்குது ஆன்ட்டி, வெள்ளிக்கிழமை வந்துடும்" என்றாள். நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். ஆன்லைனில் விற்கிறவர்கள் அட்டை டப்பாவில் கட்டி அனுப்புவதால் எல்லோரையும் அவன் டப்பாக்காரன் என்பான். இன்றும் ஆரம்பித்துவிட்டான். காதால் கேட்காமல் பாட்டு வாங்குகிறவன் மூக்கால் சாப்பிடுகிறவனாம். பத்து நிமிடம் திட்டினான். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது.

அப்பா இந்தக் கடைக்குப் போட்ட ஒரே சட்டம் அதுதானே. பழைய ரெக்கார்டை இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்காமல் விற்கக் கூடாது. கேட்டவர் ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் குறையை எழுதி உறைக்குள் போட வேண்டும். கரகரப்பு இருந்தால் 'இருமல்'. ஊசி ஒரே இடத்தில் துள்ளித் துள்ளி விழுந்தால் 'விக்கல்'. ஒன்றும் இல்லாவிட்டால் 'நல்ல உடம்பு'. எல்லாம் அப்பா உண்டாக்கிய வார்த்தைகள், எங்கள் கடையைத் தவிர வேறெங்கும் செல்லாது. கடைசி வரியில் 'கேட்டது:' என்று போட்டு, அப்பா கேட்டிருந்தால் அப்பா, அண்ணன் கேட்டிருந்தால் மகன், நான் என்றால் மகள். யாரைத் திட்டுவதென்று வாங்கியவருக்குத் தெரிய வேண்டுமாம்.

சின்ன வயதில் எனக்கு நிஜமாகவே விக்கல் எடுத்தபோது, தண்ணீர் கொடுக்காமல் "ஊசியை மாத்துங்கப்பா" என்று கத்தியவன் என் அண்ணன்.

மார்ச் 6, வியாழன்

இன்று ஒருவரும் வரவில்லை. கழிவறை எங்கே என்று கேட்டவரைச் சேர்த்தால் ஒருவர்.

மார்ச் 15, சனி

கட்டடக்காரர் வந்தார். மே மாதத்தோடு வாடகை ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லையாம். பார்சல் வாங்கி ஊருக்கு ஊர் அனுப்பும் ஒரு கம்பெனிக்கு இடத்தைப் பேசிவிட்டார். மனிதர் நல்லவர்தான், சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இத்தனை நாள் யாரோ ஒரு வெளியூர்க்காரர் அண்ணனிடம் மொத்தமாக வாங்கிக்கொள்வதால்தான் வண்டி ஓடியது. அவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

கட்டடக்காரர் போனதும் நான் ஆரம்பித்தேன். உள்ளறை நிறைய சரக்கு இருக்கிறது, நாமும் ஆன்லைனில் போடலாம், இனி ரோஷம் பார்த்து லாபமில்லை என்றேன். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு உறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு முறை சொன்னேன். பதிலே இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முன்னால் போய் நின்று, "செவிடன் காதுல ஊதின சங்குதான் உங்கிட்டப் பேசுறது" என்றேன்.

அவன் முகம் செத்துவிட்டது. திட்டுவான் என்று நினைத்தேன். துணியை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

பழமொழிதானே? அதற்கு இவ்வளவா?

மார்ச் 17, திங்கள்

அண்ணனோடு பேச்சு இல்லை. முணுமுணு வந்தார். எங்கள் பழைய வாடிக்கையாளர், நாங்கள் வைத்த பெயர் அது. பாட்டின் பெயர் எதுவும் தெரியாது, மெட்டை மட்டும் முணுமுணுப்பார், கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் அவர் வாயைத் திறந்த இரண்டாவது நொடியே அண்ணன் ரெக்கார்டை எடுத்து நீட்டுவான். இப்போது "தங்கச்சிகிட்ட பாடுங்க" என்று என்னிடம் தள்ளிவிடுகிறான். மனிதன் சலித்துப்போய்விட்டான்.

மார்ச் 24, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது, அவ்வளவு கோபம்.

அண்ணனுக்குத் தெரியாமல் நானே ஆன்லைனில் விலை பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். பழைய ரெக்கார்டு விற்கிறவர்கள் எக்கச்சக்கம் பேர். புரட்டிக்கொண்டே போனபோது 'இருபக்கம்' என்று ஒரு கடை. ஒரு ரெக்கார்டுக்குக் கீழே எழுதியிருந்தது: 'இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டில் ஒரு விக்கல். மற்றபடி நல்ல உடம்பு.'

விக்கலாம். நல்ல உடம்பாம்.

யாரோ எங்கள் சீட்டைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள். அப்பாவின் வார்த்தையைத் திருடி வியாபாரம் பண்றானே, இவன் நல்லா இருப்பானா? அந்த ரெக்கார்டையே வாங்கிப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். என் பெயரில் வேண்டாம். என் வீட்டுக்காரர் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார், அங்கே இருக்கும் டாக்டர் பெயரில், ஆஸ்பத்திரி விலாசத்துக்குப் போட்டேன். "டாக்டர் கேட்டா நீயே வந்து விளக்கு" என்றார் இவர்.

ஏப்ரல் 2, புதன்

பார்சல் வந்தது. உறைக்குள் துண்டுச் சீட்டு. பென்சில் எழுத்து. கடைசி வரி: 'கேட்டது: மகன்.'

ஐம்பது வருடமாகப் பார்க்கிற கையெழுத்து.

ஊரையெல்லாம் டப்பாக்காரன் டப்பாக்காரன் என்று திட்டிவிட்டு, உள்ளறையில் உட்கார்ந்து இவனே டப்பா கட்டியிருக்கிறான். அந்த வெளியூர்க்காரர் யாரென்றும் இப்போது புரிகிறது. தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா?

அதைவிட மோசம் ஒன்று உண்டு. ரெக்கார்டை ஓடவிட்டேன். சொன்ன இடத்தில் விக்கல் சரியாக இருந்தது. ஆனால் முதல் பாட்டிலிருந்து கடைசிவரை ஒரே இருமல், பாட்டே கேட்கவில்லை. சீட்டில் இருமல் என்ற சொல்லே இல்லை. 'இருபக்கம்' கடையில் வாங்கியவர்கள் எழுதியிருப்பதையும் படித்தேன். 'நல்ல உடம்பு என்றார்கள், வந்திருப்பது காச நோயாளி' என்று ஒருவர். அவருக்கும் நம் பாஷை பிடித்துவிட்டது போல. அப்பாவின் சீட்டில் பொய் எழுதி விற்றிருக்கிறான். நாளை நேராகக் கேட்கப் போகிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கேட்கவில்லை.

ரெக்கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். அண்ணன் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தான். அதிலிருந்து கசிந்த பாட்டு வாசலில் நின்ற எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தம். அவன் குனிந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தான், ஊசியில் நூல் கோக்கிறவன் பார்ப்பது போல. அண்ணா என்றேன். மூன்று தடவை. பாட்டு முடிந்து ஹெட்போனைக் கழற்றிய பிறகும் ஒரு தடவை. திரும்பவில்லை.

ஊசி ஒருமுறை துள்ளினால் பென்சிலை எடுப்பான் போல. விக்கல் கண்ணுக்குத் தெரியும். இருமல் காதுக்கு மட்டும்தான்.

திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். செவிடன் காதுல சங்குன்னு நானே சொன்னேனே. அவன் முகத்துக்கு நேரா நின்னு. கடவுளே, என் நாக்கு.

ஏப்ரல் 5, சனி

அண்ணியிடம் கேட்டேன். அண்ணனுக்குக் காது போய் இரண்டு வருடமாம். "உங்கிட்ட சொன்னா வீட்டை விட்டுப் போயிடுவேன்னு மிரட்டிட்டாரு. எங்க போவாரு, நாலு தெரு தள்ளி உங்க வீட்டுக்குத்தான் வருவாருன்னு நினைச்சேன், இருந்தாலும் சொல்லல" என்றாள். காதில் மாட்டும் மிஷின் வாங்கியிருக்கிறார்கள். அதைப் போட்டால் எந்தப் பாட்டும் தகர டப்பாவுக்குள் கொசு போலக் கேட்கிறதாம். அலமாரியில் கிடக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று பேசினேன். அவன் எதிரில் உட்கார்ந்து, வாய் தெரியும்படி. பல் டாக்டர் பெயரில் வாங்கிய ரெக்கார்டை நடுவில் வைத்தேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதன் ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தான்.

"கடைக்கு வர்றவங்க பாதி பாட்டை முனகுறாங்க, மீதியை முதுகு காட்டிட்டுச் சொல்றாங்க. நான் என்ன பண்ணுவேன்? அங்க எல்லாரும் எழுதிக் கேக்குறாங்க. எழுதினா எனக்குக் கேக்குது" என்றான்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். காது கேட்காதவன் பாட்டுக் கடை வைத்திருக்கிறான் என்று சொல்லிச் சிரிக்க ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றான். நான் ஊரா என்று கேட்க நினைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்பாவின் சீட்டு. இருமல் விஷயத்தைச் சொன்னேன். வாங்கியவர்கள் புகார் எழுதியதெல்லாம் பணத்தைத் திருப்பி வாங்கும் தந்திரம் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருக்கிறான்.

"நிஜமாவே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நிறையவா?"

நான் தலையாட்டினேன். சீட்டை எடுத்து 'மகன்' என்ற சொல்லைப் பார்த்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனான்.

ஏப்ரல் 12, சனி

'இருபக்கம்' காலியாக இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். கடைக்கும் வரவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒரு வாரம் ஆகிவிட்டது. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான், கூப்பிட்டால் சாப்பிடுகிறான் என்கிறாள் அண்ணி. கூப்பிடுவது என்றால் தோளைத் தொடுவது.

உண்மையைச் சொன்னது தப்பா? கடை போகட்டும், அது எப்படியும் மே மாதம் போகிறது. கடை போனால் வேறு வேலை தேடலாம். இவனுக்கு ரெக்கார்டை விட்டால் என்ன இருக்கிறது? இருந்த ஒரே கதவையும் நான் சாத்திவிட்டேன்.

மே 5, திங்கள்

ஷட்டரை இறக்கிவிட்டு, ரெக்கார்டு பிளேயரையும் இருபது ரெக்கார்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். யாரையும் எதையும் கேட்கவில்லை. அவன் கட்டிலுக்கு எதிரில் மேஜை போட்டு ஓடவிட்டேன். அவன் கையில் பென்சிலைத் திணித்தேன். இருமல் வந்தால் நான் விரல் காட்டுவது என்று ஏற்பாடு. ஒரு விரல் கொஞ்சம், ஐந்து விரல் தாங்காது.

முதல் பக்கம் முழுக்க அவன் எழுதவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் மூன்று விரல் காட்டினேன்.

"மூணெல்லாம் இருக்காது. இந்தக் கம்பெனி ரெக்கார்டு எல்லாமே அந்த இடத்துல கரகரன்னுதான் இருக்கும், பிறவிக் குணம். ஒண்ணு போடு" என்றான்.

"நீயா கேட்டே?"

"நீயா முப்பது வருஷம் கேட்டே?"

சண்டை போட்டோம். அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி போனாள். கடைசியில் இரண்டு என்று எழுதினான்.

மே 31, சனி

கடையின் கடைசி நாள். அண்ணனும் வந்தான். அழ வேண்டாம் என்று தீர்மானித்திருந்தேன். காலியான மர அடுக்குகளில் அப்பா எழுதி ஒட்டிய எழுத்துச் சீட்டுகளைப் பார்த்ததும் தீர்மானம் போய்விட்டது. இந்த அடுக்கைத் துடைத்துத்தான் நான் அ, ஆ படித்தேன்.

மாலையில் முணுமுணு வந்தார். கடைசியாக ஒன்று என்று ஆரம்பித்தார். நான் முழுசாக இரண்டு தடவை கேட்டும் பிடிபடவில்லை. பாடும்போது விரலால் கண்ணாடி மேஜையில் தாளம் போடுவது அவர் வழக்கம். அண்ணன் உள்ளங்கையை அந்த மேஜையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு பேசாமல் உள்ளே போய், கட்டி வைத்த பெட்டியைப் பிரித்து ஒரு ரெக்கார்டை எடுத்து வந்தான்.

அதேதான். முணுமுணு அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஜூன் 19, வியாழன்

எங்கள் கடை இருந்த இடத்தில் பார்சல் கம்பெனி வந்துவிட்டது. 'இருபக்கம்' கடையை இருவருமாக மறுபடி ஆரம்பித்துவிட்டோம், அதிலிருந்து அனுப்பும் பார்சல்களை அங்கேதான் கொடுக்க வேண்டும். அதே கண்ணாடி மேஜை, நான் இப்போது அந்தப் பக்கம் நிற்கிறேன். புதிதாக வந்திருக்கும் பெண் "உள்ள என்னங்க?" என்றாள். ரெக்கார்டு என்றேன். போலீஸ் ரெக்கார்டா என்று கேட்டாள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் அழுதேன்.

ஜூன் 25, புதன்

புகார் எழுதிய எல்லோருக்கும் அண்ணன் பதில் எழுதி முடித்தான். காச நோயாளி என்று எழுதியவருக்கு நல்ல உடம்பாக ஒன்று அனுப்பினோம். நான் இரண்டு தடவை கேட்டு, ஒரு விரலும் காட்டாதது.

ஜூலை 3, வியாழன்

இப்போது சீட்டில் கடைசியில் இரண்டு வரி. 'கேட்டது: மகள். பார்த்தது: மகன்.' இது அண்ணனின் யோசனை. 'இருபக்கம்' கடையிலும் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் கீழே அப்படித்தான் போடுகிறோம்.

இன்று மத்தியானம் நான் ரெக்கார்டு மாற்றிக்கொண்டிருந்தபோது அவன் போனில் வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன், மறைத்துக்கொண்டான். பழைய புத்தி மறுபடி வந்துவிட்டதோ என்று எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் போனில் 'இருபக்கம்' கடையைத் திறந்து பார்த்தேன்.

யாரோ முகம் தெரியாத ஒருவர், எல்லோரும் படிக்கும் இடத்தில் கேட்டிருந்தார்: 'பாட்டைக் கேட்பது சரி, பார்த்தது என்றால் என்ன?'

கீழே அண்ணன் எழுதியிருந்தான்: 'எனக்குக் காது கேட்காது. ஊசி துள்ளினால் என் கண்ணுக்குத் தெரியும், அதை நான் எழுதுகிறேன். மற்றதை என் தங்கை கேட்டுச் சொல்கிறாள். அவளை நம்பலாம்.'

அந்த ஆள் இரண்டு ரெக்கார்டு வாங்கியிருக்கிறார். நாளை காலையிலேயே போய் அந்த இரண்டையும் இன்னொரு முறை கேட்டுவிட வேண்டும்.