எட்டுப் பேர் ஏறிய வண்டி

நவம்பர் 8, வெள்ளி

டீசல் அடித்துக் கணக்குப் பார்த்தேன். லிட்டருக்குப் பதினான்கரை கிலோமீட்டர். நான் ஒருவனாகக் கரமனை வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓட்டும்போது வண்டி தங்கம். ஞாயிற்றுக்கிழமை பொன்முடி. மகள் நீதுவின் கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டாரோடு முதல் பயணம். “எட்டுப் பேர் ஏறினா மலை இழுக்குமா மாமா?” என்று மாப்பிள்ளை செல்வகணேஷ் போனில் கேட்டான். சும்மா இழுக்கும் என்று அளந்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

எழுதவே கூசுகிறது.

விதுரா தாண்டி ஏற்றம் வந்ததும் வண்டி முக்க ஆரம்பித்தது. இரண்டாம் கியரிலும் அனக்கமில்லை. முன் சீட்டில் சம்பந்தி மைலேஜ் மீட்டரை எட்டிப் பார்த்து, “லிட்டருக்கு ஏழுதான் காட்டுது. வண்டி ரொம்பப் பழசோ?” என்றார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல. பின்னால எங்க அக்கா இருக்காள்லா, அவ ரெண்டாள் கணக்கு.”

சொன்னது நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். என் மனைவி ஆஷா மட்டும் சிரிக்கவில்லை.

கல்லாறில் ஆற்றோரக் கடையில் டீக்கு நிறுத்தினோம். திரும்ப ஏறும்போது பொன்னம்மையக்கா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. “வளைவுல எனக்குத் தல சுத்தும்டே. நீங்க போயிட்டு வாங்க. நான் இந்தக் கடையில இருக்கேன், கேட்டியா.”

ஏறுக்கா, பேசாம ஏறு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? “சரிக்கா” என்றேன். வண்டி லேசாகுமே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்படக்கூடச் செய்தேன். சீ.

நாலு மணி நேரம். திரும்பி வந்தபோது கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதே பெஞ்சில் இருந்தாள். சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை.

நவம்பர் 11, திங்கள்

பயணம் மொத்தத்தில் லிட்டருக்குப் பத்தேகால். அக்கா இறங்கிய பிறகும் வளைவுகளில் மீட்டர் ஏழுதான் காட்டியது. அப்போதே பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 13, புதன்

ஆஷா மூன்று நாள் கழித்து வாயைத் திறந்தாள். “மதினிக்குத் தலசுத்தலா? அந்தமானுக்குக் கப்பல்ல போயிட்டு வந்தவங்க.”

நவம்பர் 16, சனி

டயர்க்கடை சுபின் காற்றழுத்தத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். “சாரே, முப்பத்தஞ்சு வேண்டிய இடத்துல பின்னால ரெண்டு டயரும் இருபத்திரண்டே உள்ளூ. இதை வச்சா எட்டாளை மலை ஏத்தினீங்க? அது சரி, டிக்கியில என்ன இவ்வளவு கனம்?”

ஆபீஸ் கோப்புகள். பழைய கணக்குக் கட்டுகள், நாலு சாக்கு. வீட்டில் வைக்க ஆஷா இடம் தரவில்லை என்று ஜூலையில் நானே ஏற்றியது. டிக்கியிலும் பின் சீட்டுக்கு அடியிலுமாகக் கிடந்ததை மறந்தே போனேன். நேராகப் பழைய பேப்பர் எடுக்கும் ஆக்கர் கடைக்குப் போய்த் தராசில் போட்டேன். தொண்ணூற்றொரு கிலோ.

அக்கா எழுபத்தைந்துகூட இருக்கமாட்டாள்.

எட்டுப் பேரும் மூட்டையும் காற்றில்லாத டயருமாக மலை ஏறினால் எந்த வண்டிதான் டீசலைக் குடிக்காது? முப்பது வருஷம் பிறத்தியார் கணக்கில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். வெட்கங்கெட்டவன்.

நவம்பர் 24, ஞாயிறு

சம்பந்தி வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அக்காவும் வந்தாள், பஸ்ஸில். இலை போட்டு உட்கார்ந்ததும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்: அன்றைக்குக் குற்றம் வண்டியிலும் இல்லை, அக்காவிடமும் இல்லை, நான் ஏற்றிய சாக்கிலும் நான் பார்க்காத டயரிலும்தான், அவளுக்குத் தலைசுத்தலும் கிடையாது, நான் சொன்ன சொல்லுக்காகத்தான் இறங்கினாள். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. பெரிய மனுஷன் மாதிரி ஒரு நினைப்பு வேறு.

அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள். கை கழுவப் போன இடத்தில் என்னைப் பிடித்தாள்.

“அவ்வளவு தூரம் மறைச்சு வச்சேன். எல்லார் முன்னாலயும் திரும்ப என் உடம்பைத்தான எடுத்துப் போட்ட? ஒனக்கு நெஞ்சு ஆறணும்னா எங்கிட்டல்லா சொல்லணும்?”

ஒரு முறை அவமானப்படுத்தியது போதாதென்று இரண்டாம் முறையும். அதுவும் இலை போட்டு.

நவம்பர் 25, திங்கள்

போன் செய்தேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

வீட்டுக்குப் போனேன். சாக்கைப் பற்றியும் டயரைப் பற்றியும் பேசவில்லை. “தப்பு பண்ணிட்டேன்க்கா” என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது, ஐம்பத்தாறு வயசில். நான் செருப்பைப் போடும்போது அக்கா, “அடுத்த ஞாயிறு என்னை மட்டும் பொன்முடிக்குக் கூட்டிட்டுப் போ” என்றாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

கல்லாறு வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அந்தக் கடைக்காரி அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. நாலு மணி நேரத்தில் அக்கா எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள், கொட்டட்டும் என்றுதான் நின்றேன்.

“இதாணோ சேச்சியோட தம்பி? சேச்சி அன்னிக்கு முழுக்க உங்களைப் பத்தித்தான் பறஞ்ஞது, சாரே. மலையில தம்பி மாதிரி வண்டி ஓட்ட ஆளில்லையாம். நீங்க ஏறச் சொல்லிக் கூப்பிட்டீங்களாம், சேச்சிதான் வளைவைக் கண்டு பேடிச்சு இறங்கிட்டாங்களாம்.”

அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்தாள். முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“எடுடே.”

முதல் வளைவில் கியர் தவறி வண்டி நின்றுவிட்டது. நான் மறுபடி எடுக்கும்வரை அக்கா காத்திருந்தாள்.