மூன்றடி ஆழம்

என்னங்க,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் இருந்த செலண்டார் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அடுத்த மாதம் புல்டோசர் வருகிறது. நீங்கள் அடையாளம் சொன்ன ரப்பர் மரத்தை வெட்டி, அங்கே எண்ணெய்க்குச் செம்பனை நட்டு வெகுகாலமாகிறது. ஆகவே மலாக்காவுக்குப் போய், மண்ணுக்கடியில் உலோகம் தேடும் மெஷின் பார்த்தேன்.

கடையிலிருந்த தமிழ்த் தம்பி மலிவானதை எடுத்துக் காட்டினார். "பழைய காசு தேட இது போதும்லா ஆன்ட்டி. ஒரு சாண் ஆழத்துலதான் கெடக்கும்."

"மூணடி போகணும்."

"அவ்வளவு ஆழத்துல யாரு ஆன்ட்டி காசு பொதைப்பா?"

பெரிய வட்டு வைத்ததை வாங்கிவிட்டேன். மேல்மண்ணை வாரிவிட்டுத் தேடினால் சின்ன வெள்ளிக்கும் கத்துமாம். அன்று அவள் கால் கொலுசைக் கழற்ற விடாமல் நான் அடம்பிடித்தது நல்லதாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வாருங்கள். வராவிட்டாலும் நான் தோண்டுவேன். பொம்பளைகள் அங்கே வரக்கூடாது என்று என்னை வாசலோடு நிறுத்திவிட்டு, அன்று நீங்கள் மட்டும் தூக்கிக்கொண்டு போனீர்கள். இந்த முறை நான் தூக்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா