தலை கிள்ளிய நெருப்புக்குச்சி

மாமா,

சனிக்கிழமை காலை அப்பா நிலவறையிலிருந்து பனிக்கால டயர்களை மேலே கொண்டுவந்தார். படிக்கட்டு முழுவதும் ரப்பர் மணம். அம்மா எழும்பிப் போய்ச் சமையலறைக் கதவை அடித்துச் சாத்தினார். நான் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் படியில் போய் இருந்தேன். அந்த மணம் வந்தால் முதலில் என் இடது கன்னம் சுடும். பிறகுதான் உங்கள் முகம் வரும்.

போன வருடமும் இதே மாதம்தான். நீங்கள் எங்கள் வீட்டு ஹோலில், சோபாவில் படுத்தீர்கள். விடிந்ததும் உங்கள் சிவப்புக் காரில், உங்களோடு வேலை செய்த குணம் அண்ணையை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே ஹோட்டல் சமையலறைக்குப் போவீர்கள். கூர் நகரைத் தாண்டியதும் அந்தப் பாதை வளைவுக்கு மேல் வளைவாக ஏறும். உங்கள் காரின் கதவு காலால் உதைத்தால்தான் சாத்தும். நீங்கள் அதை உதைக்கிற உதையில் மேல்மாடிக் கிழவி யன்னலைத் திறந்து பார்ப்பா. நீங்கள் கை காட்டிச் சிரிப்பீர்கள். உங்களுக்குச் சிரிப்பும் கோபமும் ஒரே வாசலால்தான் வரும்.

நான் நூலகத்தில் கார்களைப் பற்றி ஒரு ஜெர்மன் புத்தகம் எடுத்து வந்திருந்தேன். கோடைகால டயர் குளிரில் கல்லாக இறுகிவிடும் என்று அதில் இருந்தது. டயரின் மேல் வெட்டியிருக்கும் தவாளிப்பு தேய்ந்திருந்தால் முதல் பனி விழுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும், விழுந்த பிறகு மாற்ற நினைப்பவன் பாதி வழியில் நிற்பான் என்றும் இருந்தது. சாப்பாட்டு மேசையில் அதை வாசித்துக் காட்டினேன்.

"வந்திட்டா டீச்சர்," என்றீர்கள். "என்ர டயருக்கு நீ றிப்போட் எழுதப் போறியோ?"

"ஓம் மாமா. அளந்து பாத்திட்டு எழுதுறன்."

அடுத்த நாள் பின்னேரம் அளக்கப் போனேன். என் அடிமட்டத்தில் பூச்சியத்துக்கு முன்னால் ஒரு வெறும் விளிம்பு இருந்தது, அதால் ஆழத்தை அளக்க முடியவில்லை. ஆகவே அம்மாவின் அடுப்படியிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய், உங்கள் காரின் முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, குச்சியைத் தவாளிப்புக்குள் விட்டேன். குச்சியின் தலைகூட உள்ளே மறையவில்லை. டயர் கிட்டத்தட்ட மொட்டை. உங்களிடம் காட்டவேண்டும் என்று சந்தோஷமாக நிமிர்ந்தேன்.

குப்பைப் பையோடு நீங்கள் நின்றீர்கள்.

அடி எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. என் தலை மட்காட்டில் மோதியது. உதடு பல்லில் வெட்டி வாயெல்லாம் இரத்தம். நெருப்புப்பெட்டியை நிலத்தில் போட்டுச் சப்பாத்தால் மிதித்தீர்கள். அது தூளான பிறகும் மிதித்தீர்கள்.

"ஆர் தந்தது? ஆரடி உனக்கு நெருப்புப்பெட்டி தந்தது?"

அப்பா படிகளில் பாய்ந்து வந்தார். உங்கள் கழுத்தைப் பிடித்துக் காரின் முன்மூடியில் சாய்த்தார். தகரம் நெளிந்த சத்தம் கேட்டது. "என்ர பிள்ளையில கை வைச்சியோடா?" அவர் குத்திக்கொண்டே இருந்தார். நீங்கள் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. யன்னல்கள் எல்லாம் திறந்தன. அம்மா ஓடிவந்து இடையில் விழுந்தார்.

"விடுங்கோ அவனை! அவன் பிள்ளைக்கு அடிக்கேல்லை. விடுங்கோ!"

எனக்குத்தானே அடித்தீர்கள்? என் வாயில்தானே இரத்தம்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு, உறைந்த பட்டாணிப் பையை என் உதட்டில் அழுத்திக்கொண்டு அம்மா சொன்னார். கொழும்பில் தமிழரை அடித்து எரித்த நாட்களில் நீங்கள் ஒரு கூரையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்தீர்களாம். கீழே சந்தியில் உங்களோடு ஒரே அறையில் இருந்த சிநேகிதனைப் பிடித்துக் கழுத்தில் டயரை மாட்டினார்களாம். அன்று காற்று. ஒருவன் குச்சியைத் தட்டத் தட்ட அது அணைந்துகொண்டே இருந்ததாம். சுற்றி நின்றவர்கள் அவனைப் பகிடி பண்ணிச் சிரித்தார்களாம். குச்சி பற்றும்வரை நீங்கள் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்களாம்.

நான் எத்தனையோ புத்தகம் வாசித்திருக்கிறேன் மாமா. அப்படி ஒரு பக்கத்தை இன்னும் வாசிக்கவில்லை.

மறுநாள் என் புத்தகத்துக்கு மேல் ஒரு சொக்லேட் இருந்தது. கண் வீங்கிப்போய் நீங்கள் எதிரே இருந்தீர்கள்.

"குச்சி என்ன சொல்லிச்சுது?"

"மாத்த வேணுமாம்."

"நாலையுமோ?"

"நாலையும்."

"சரி டீச்சர். வா, போவம். உன்ர ஜெர்மனும் வேணும்."

டயர்க் கடை ஊருக்கு வெளியே. முற்றத்தில் டயர்கள் மதில்போல அடுக்கியிருந்தன. நீங்கள் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாயால் மூச்சுவிட்டீர்கள். "வேண்டாமெண்டா போவம் மாமா," என்றேன். "சும்மா இரு," என்று இறங்கினீர்கள். உங்கள் டயரின் அளவை நான் சொன்னேன். கடைக்காரர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு டயருக்குள் தலையையும் ஒரு கையையும் விட்டு, அதைத் தோளில் கொழுவிக்கொண்டு சீழ்க்கை அடித்தபடி வந்தார்.

நீங்கள் பாய்ந்தீர்கள். "கழட்டடா! கழட்டடா!" அந்தப் பெரிய மனிதர் சீமெந்தில் குப்புற விழுந்தார். அவருடைய மூக்கு உடைந்து இரத்தம் கொட்டியது. நீங்கள் அவர் கழுத்திலிருந்து டயரைப் பிய்த்து எடுத்துத் தூர எறிந்தீர்கள். எறிந்துவிட்டு அவரை மடியில் தூக்கி வைத்து முகத்தைத் துடைத்தீர்கள். அவர் உங்கள் வயிற்றில் உதைத்தார். மற்றவர்கள் இரும்புக் கம்பியோடு ஓடிவந்தார்கள். "அவர் அடிக்கவில்லை, உங்களைக் காப்பாற்றுகிறார்!" என்று ஜெர்மனில் கத்தினேன். வகுப்பில் என் ஜெர்மனுக்கு நல்ல புள்ளி. அங்கே ஒருவருக்கும் அது விளங்கவில்லை. கம்பி உங்கள் முதுகில் விழுந்தது. பொலிசைக் கூப்பிட முதல் ஓடிப்போ என்று துரத்தினார்கள்.

திரும்பும் வழியில் சொன்னீர்கள்: "எனக்கு ஒரு டயரும் வேண்டாம். ஊரில மணற்காட்டு மணல்லயே ஓடினனான். கொஞ்சம் காத்தை இறக்கிவிட்டா எதையும் பிடிச்சுக்கொண்டு போகும்."

"மணலும் பனியும் ஒண்டில்லை மாமா. புத்தகத்தில…"

"உன்ர புத்தகத்தை எழுதினவன் மணற்காட்டுக்கு வந்தவனோ?"

அன்று பின்னேரம் அப்பா கோபம் தணிந்து ஹோலுக்கு வந்தார். "சாவியைத் தா மச்சான். நான் கொண்டுபோய் மாத்திக்கொண்டு வாறன். நீ அங்க வரவே தேவையில்லை."

"என்ர கழுத்தைப் பிடிச்ச கை, அத்தான். அந்தக் கையில சாவி தரமாட்டன்."

அப்பா சுவரில் குத்தினார். அந்தச் சுவரில் இன்றைக்கும் குழி இருக்கிறது. நாங்கள் அதற்கு மேல் கலண்டர் தொங்கவிட்டிருக்கிறோம்.

அந்த வாரம் தெற்கிலிருந்து சூடான காற்று இறங்கியது. ஃபியோன் அடிக்கிறது என்று ஊரே சட்டையைத் திறந்துவிட்டுத் திரிந்தது. "எங்கை டீச்சர் உன்ர பனி?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டீர்கள். பிறகு ஒரு காலை காற்று திரும்பியது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே யன்னல் வெள்ளையாகிவிட்டது. எல்லாரும் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் மலைப்பாதை இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

தோள் நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்த குணம் அண்ணைதான் மிச்சத்தைச் சொன்னார். அடிவாரத்தில் காரை நிறுத்தினீர்களாம். நாலு டயரிலும் காற்றை இறக்கினீர்களாம், மணலுக்கு இறக்குவதுபோலவே. முதல் வளைவுகளில் கார் மெதுவாக ஏறியதும் "பாத்தியோ?" என்று சிரித்தீர்களாம். மேலேயிருந்து மஞ்சள் தபால் பஸ் வந்தது. பிரேக்கை மிதித்தீர்கள். கார் நிற்கவில்லை, திரும்பவுமில்லை. ஓரத்துத் தடுப்பைக் கிழித்துக்கொண்டு, உருண்டு உருண்டு, பைன் மரத்தில் போய் அடித்தது. ஸ்டியரிங் உங்கள் நெஞ்சுக்குள் போயிருந்தது.

அம்மா கேட்டது ஒரேயொரு கேள்வி. "நெருப்புப் பிடிச்சதோ?"

"இல்லை அக்கா. நெருப்பில்லை. பனிக்குள்ளதான் கிடந்தவர்."

அதற்குப் பிறகுதான் அம்மா அழுதார்.

உடைந்த காரைப் போட்டிருந்த வளவுக்கு அப்பாவோடு நானும் போனேன். அப்பா அந்த மொட்டை டயர்களை உதைத்தார். சப்பாத்து வாய் பிளக்கும்வரை உதைத்தார். எனக்கும் உதைக்க வேண்டும்போல இருந்தது. டயரை அல்ல மாமா, உங்களை. உங்களுக்காக அழுததைவிட உங்களோடு கோபப்பட்டதுதான் கூட. சாவியைக் கொடுத்திருந்தால் இன்றைக்கும் கதவை உதைத்துக்கொண்டு நிற்பீர்கள். ஆனால் அந்தக் கோபத்தோடு கூரைக்கு மேலே ஏறிப் போனால், அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நீங்கள் கிடக்கிறீர்கள். அதற்குமேல் என்னால் திட்ட முடிவதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒருவரும் டயரைத் தோளில் கொழுவுவதில்லை. சனிக்கிழமையும் அப்பா ஒவ்வொன்றாக, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னே பிடித்துக்கொண்டுதான் படியேறினார். மூச்சு வாங்கியது. ஆனாலும் அப்படித்தான்.

டயர்களை முற்றத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கொம்பாஸ் பெட்டியைத் திறந்தேன். அதில் எப்போதும் நாலைந்து நெருப்புக்குச்சிகள் இருக்கும். எடுத்த அன்றே தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்து அவற்றின் தலையைக் கிள்ளிவிடுவேன். கிள்ளிய தலைகள் தண்ணீரோடு போய் முடியும்வரை குழாயைப் பூட்டமாட்டேன். வகுப்பில் பக்கத்து வாங்குப் பிள்ளை ஒருநாள் கேட்டாள், இந்தக் குச்சிகளால் எதைக் கொளுத்துவது என்று. இவை அளப்பதற்கு என்றேன்.

குந்தியிருந்து நாலு டயரையும் அளந்தேன்.

"குச்சி என்ன சொல்லுது?" என்றார் அப்பா. உங்கள் கேள்வி அது. அவருக்கு அது தெரியாது.

"முன்னுக்குப் போடுற ரெண்டுக்கும் ஆழம் காணாது அப்பா. பனிக்கு முதல் மாத்த வேணும்."

அப்பா கார்ச் சாவியை எடுத்தார்.