மொட்டைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம்

சேவுகம்பட்டி
3.8.2025

மீரான் அண்ணனுக்கு,

நான் ஈஸ்வரனின் தங்கை வள்ளி. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த நாட்களில் கதவுக்குப் பின்னால் நின்று காப்பி டம்ளரை மட்டும் நீட்டிய கை என்னுடையது. ஒரு தடவை நீங்கள், "தங்கச்சி, உனக்கு முகம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று கேட்டீர்கள். அண்ணன் சிரித்தான். நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

அப்பாவின் போனில் பேசலாம்தான். எதிர்முனையில் யாராவது ஹலோ சொன்னாலே போனை வைத்துவிடுவேன். எழுதினால் வருகிறது. பூ வேன் ஓட்டும் அய்யனார் அண்ணனிடம் இதைக் கொடுக்கிறேன். திண்டுக்கல் பேகம்பூரில் உங்கள் மாமாவின் தோல் குடோன் தெரியும் என்றார். "என்ன தாயி, லவ் லெட்டரா?" என்றும் கேட்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பாவம், பிறகு அவரே மன்னிப்புக் கேட்டார்.

அண்ணன் தவறிப்போனபின் நான் பத்தாவது பரீட்சை எழுதவில்லை. அம்மாவுடன் ஒரு ஆள் இருக்க வேண்டியிருக்கிறது. விடியலில் மல்லிகை எடுக்கப் போவேன், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவேன். அப்பா தேங்காய் லோடோடு போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகல் முழுக்க நானும் அம்மாவும்தான்.

அம்மா யாரிடமும் பேசுவதில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். அண்ணன் தெர்மாகோலில் செய்து பறக்கவிட்ட, இப்போது உடைந்து கிடக்கிற விமானத்துக்கு எதிரில் உட்கார்ந்திருப்பாள். போன வாரம் ஒரே ஒரு வார்த்தை பேசினாள்: "செஞ்ச வேலையை முடிக்காமப் போயிட்டான்."

அதை முடித்துவிட்டால் அம்மா எழுந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றுகிறது. இறக்கை இரண்டாக உடைந்திருக்கிறது. சட்டென்று ஒட்டுகிற பசையைப் போட்டுப் பார்த்தேன். அது தெர்மாகோலைத் தின்றுவிட்டது. வாலுக்குப் போகும் இரண்டு கம்பிகளில் எது எங்கே என்று தெரியவில்லை. எழுதுவீர்களா?

வள்ளி

*

திண்டுக்கல்
10.8.2025

அன்புத் தங்கச்சி வள்ளிக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். உங்கள் வீட்டிலிருந்து எனக்கு ஒரு எழுத்து வரும் என்று நினைக்கவில்லை. ஈஸ்வரன் போன அன்றைக்கு அம்மா என்னைப் பார்த்து, "எம்புள்ளையக் கூட்டிட்டுப் போயி ஒத்தையா வந்து நிக்கிறியே, இனி இந்த வாசலை மிதிக்காதே" என்றார்கள். அது சரிதான் என்று இருந்துவிட்டேன்.

அந்தப் பசையை நானும் ஒரு தடவை போட்டிருக்கிறேன். "விமானத்துக்குக் கறையான் புடிச்சிருச்சுடா" என்று ஈஸ்வரன் பாலிடெக்னிக் முழுக்கச் சொல்லித் திரிந்தான். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையைத் தடவி, ஒரு ராத்திரி பாரம் வைத்துவிடு. மேலே உள்ள கம்பி நிற்கிற வாலுக்கு. அது இடம் வலம் திருப்பும். கீழே உள்ளது படுத்த வாலுக்கு. அது ஏற்றும், இறக்கும். இறக்கையை ரப்பர் பேண்டைக் குறுக்காகப் போட்டுக் கட்டு. பிறகு இறக்கையின் முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் கொடுத்துத் தூக்கிப் பார். மூக்கு கொஞ்சம் தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளு.

பழைய பேட்டரி உப்பியிருக்கும். அதைச் சார்ஜ் போடவே போடாதே. மணல் வாளியில் போட்டு வெளியே வை, அடுப்பு பக்கம் வேண்டாம். புதுசு ஒன்றும் சார்ஜரும் அனுப்பியிருக்கிறேன். பேட்டரியை மாட்டுவதற்கு முன் மூக்கிலிருக்கும் விசிறியைக் கழற்றிவிடு. இதை மட்டும் மறக்காதே, விரல் போய்விடும். மாட்டியதும் பீப் பீப் என்று சத்தம் வரும். வேறு எதுவும் அசையாது, ரிமோட் இல்லையே. சத்தம் வந்தால் உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். உடனே கழற்றிவிடு.

ரிமோட் என்னிடம் இருக்கிறது. அதைக் கொடுக்க இப்போது மனசு வரவில்லை. கேட்காதே.

மீரான்

*

சேவுகம்பட்டி
17.8.2025

மீரான் அண்ணனுக்கு,

இறக்கை ஒட்டிக்கொண்டது. மூக்கும் நீங்கள் சொன்னபடி தாழ்ந்து நிற்கிறது. ஆனால் நான் எழுத வந்தது அதற்கில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் வைத்து, விசிறியைக் கழற்றிவிட்டு, பேட்டரியை மாட்டினேன். பீப் சத்தம் வந்தது. அம்மா வாசப்படியில் உட்கார்ந்திருந்தாள். கழற்றலாம் என்று கையை நீட்டியபோது சத்தம் நின்றுவிட்டது. நிற்கிற வால் இடது பக்கம் திரும்பியது. பிறகு வலது பக்கம். பிறகு படுத்த வால் மேலே, கீழே. நிதானமாக, ஒவ்வொன்றாக. அப்புறம் நேராகி நின்றுவிட்டது.

அண்ணன் விமானத்தை வீசுவதற்கு முன்னால் இதே வரிசையில்தான் பார்ப்பான். நான் மாடியிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அம்மா எழுந்து வந்தாள். வாலைத் தொடவில்லை, பக்கத்தில் கையை மட்டும் வைத்துக்கொண்டாள். "வந்துட்டியா அப்பு?" என்றாள். அந்த ராத்திரி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அப்பா அடுப்படிக்கு வந்து என்னிடம், "என்ன தாயி செஞ்ச?" என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன்.

இப்போது தினமும் மாட்டச் சொல்கிறாள். மாட்டினால் பீப் சத்தம் மட்டும் வருகிறது. "இன்னைக்கு வேலையா இருப்பான்" என்று போய்விடுகிறாள். எனக்கு முற்றத்தில் தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது. ரிமோட் உங்களிடம் திண்டுக்கல்லில் இருக்கிறது. அப்படியென்றால் அது யார்?

வள்ளி

*

திண்டுக்கல்
20.8.2025

அன்புத் தங்கச்சி,

பயப்படாதே. நான்தான்.

வெள்ளிக்கிழமை குடோன் லீவு. தொழுகை முடிந்ததும் பஸ் ஏறி வந்து, உங்கள் வீட்டுப் பக்கம் வராமல் வாய்க்கால் வழியாக மொட்டைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பேன். பங்குனியிலிருந்து வருகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. ரிமோட்டைப் போடுவேன். இடது, வலது, மேல், கீழ் என்று பார்ப்பேன். விமானம் இல்லாமலேதான். "எல்லாம் சரியாடா?" என்று ஈஸ்வரன் அப்போதெல்லாம் கேட்பான். "சரிடா" என்று நான் சொன்ன பிறகுதான் வீசுவான். அதைச் சொல்லிவிட்டு அணைத்துவிடுவேன். அந்த விமானம் என் ரிமோட்டுக்கு மட்டும்தான் கேட்கும், வேறு எதற்கும் கேட்காது. கிணற்றிலிருந்து உங்கள் முற்றத்துக்கு நடுவில் இரண்டு வயல்தான், எட்டும். ஆனால் அதே நேரத்தில் நீ மாட்டியிருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? படித்ததும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

ஈஸ்வரன் விழுந்த அன்றைக்கு ரிமோட் என் கையில் இருந்தது. பறந்துகொண்டிருந்த விமானத்தின் பேட்டரி இறங்கிவிட்டது. தரையில் விழுந்தால் உடைந்துவிடும், கையில் பிடிக்கிறேன் என்று அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் போனான். நானும் விமானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவேலம் புதருக்கு நடுவில் சுவரில்லாத கிணறு. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

அம்மா சாப்பிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியைப் பத்துத் தடவை படித்தேன். தங்கச்சி, அவர்களிடம் சொல்லாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் மாட்டு. நான் வருவேன். மற்ற நாளில் மாட்டினால் பேட்டரி வடிந்து வீணாகும்.

மீரான்

*

சேவுகம்பட்டி
14.9.2025

மீரான் அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி சொல்லாமல் இருந்தேன். அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தாள். "சாப்டியா அப்பு?" என்று கேட்பாள். நீங்கள் எப்போதும் முதலில் இடது பக்கம்தான் திருப்புவீர்கள். இடது என்றால் 'ஆமாம்' என்று அம்மா வைத்துக்கொண்டாள். "குளிருதா?" என்று கேட்பாள். வால் வலது பக்கம் போகும். "குளிரலையாம்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நேற்று முன்தினம் நெடுநேரம் காத்திருந்தும் வால் அசையவில்லை. அம்மா, "இங்க எட்டலை போல" என்று விமானத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வயலைத் தாண்டினாள். கண் வாலை விட்டு நகரவில்லை. காலடியில் வரப்பா பள்ளமா என்று பார்க்கவில்லை. நான் பின்னால் ஓடினேன், கத்த வாய் வரவில்லை. கிணற்றைச் சுற்றி அப்பா போட்டிருந்த முள் காய்ந்து சரிந்து கிடக்கிறது.

கருவேல மரத்தடியில் வழி இரண்டாகப் பிரியும் அல்லவா, இடது பக்கம் கிணறு. அங்கே வந்ததும் வால் வலது பக்கம் திரும்பியது. திரும்பி அப்படியே நின்றது. அம்மா வலது பக்கம் நடந்தாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். பேட்டரியைப் பிடுங்கினேன். "விடுடி, அவன் கூப்புடுறான்" என்று என் கையில் அடித்தாள்.

நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள்? நல்ல நேரத்தில் திருப்பினீர்கள். உங்களுக்குக் கோடி புண்ணியம். ஆனால் இனி இப்படி வேண்டாம், அண்ணா. அடுத்த தடவை நான் பூ எடுக்கப் போயிருக்கிற விடியலில் அம்மா கிளம்பிவிட்டால்? ரிமோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாக வாருங்கள். எந்தக் கை திருப்புகிறது என்று அம்மா கண்ணால் பார்க்கட்டும். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வள்ளி

*

திண்டுக்கல்
18.9.2025

தங்கச்சி வள்ளிக்கு,

அன்றைக்கு நான் அங்கே இல்லை. லீவென்றும் பார்க்காமல் மாமா அனுப்ப, லோடோடு ஆம்பூர் போயிருந்தேன். ரிமோட் இங்கே பீரோவில் இருந்தது, பேட்டரி கழற்றி வைத்திருந்தேன். மாமா வீட்டில் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள், சபிஹா மாமியிடமும் கேட்டுவிட்டேன்.

வயர் முனையில் ஈரம் ஏறினால் சில நேரம் வால் வெட்டி வெட்டித் துடிக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு பக்கம் திரும்பி அப்படியே நின்று நான் பார்த்ததில்லை.

என்னால் உங்கள் வாசலுக்கு வர முடியாது. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாகப் புது ரிமோட் அனுப்பியிருக்கிறேன். அதன் பின்னாலுள்ள பட்டனை அழுத்திக்கொண்டே விமானத்துக்குப் பேட்டரி போட்டால் விளக்கு மினுக்கி நின்றுவிடும். இதைப் பைண்ட் பண்ணுவது என்போம். விமானம் ஒரு ரிமோட்டைத்தான் மனசில் வைத்திருக்கும். புதுசைப் பழகினால் பழசை மறந்துவிடும். பிறகு நான் எங்கே நின்று திருப்பினாலும் அசையாது. அம்மாவுக்கு அதுதான் நல்லது. எனக்கும்.

பறக்க விடுவதானால் கேட்டுக்கொள். எப்போதும் ரிமோட்டை முதலில் போடு, பிறகு விமானத்தை. அணைக்கும்போது விமானத்தை முதலில். கரண்டு கம்பி, ரோடு, ஆள் வேலை செய்கிற வயல், எதன் பக்கமும் வேண்டாம். காற்றுக்கு எதிராக வீசு. காற்று பலமாக இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடு. பக்கத்தில் ஒரு ஆள் தரையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடிக்க ஓடாதே. விழுந்தால் விழட்டும், அது தெர்மாகோல்.

இனி வர மாட்டேன்.

மீரான்

*

சேவுகம்பட்டி
28.9.2025

மீரான் அண்ணனுக்கு,

புது ரிமோட் வந்தது. பெட்டியைப் பிரிக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் பைண்ட் பண்ணிவிட்டு, வெள்ளிக்கிழமை அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து காத்திருப்பதைப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது.

அதனால் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை பூக்கூடையை இறக்கிவைத்த கையோடு, "அம்மா, வாலைத் திருப்புறது மீரான் அண்ணன். கிணத்துக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கிறாக" என்றேன். நானே என் குரலைக் கேட்டுப் பயந்துவிட்டேன். அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அன்றைக்கு அடுப்பு பற்ற வைக்கவில்லை. ராத்திரி அப்பா கடையில் பரோட்டா வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை அம்மா தலைக்குக் குளிக்கவில்லை. சாயங்காலம் விமானத்தை அவளே கொண்டுவந்து முற்றத்தில் வைத்து, "மாட்டு" என்றாள். வர மாட்டேன் என்று எழுதியிருந்தீர்களே, அசையாது என்று நினைத்துத்தான் மாட்டினேன்.

இடது, வலது, மேல், கீழ். வந்துவிட்டீர்கள்.

அம்மா வாலையே பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அது நேராகி நின்ற பிறகும் பார்த்தாள். அப்புறம், "இந்த வெயில்ல எம்புட்டு தூரம் வந்து நிக்கிறான் பாரு. சாப்டானோ என்னமோ" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரியும் இல்லை. பிறகு, "அதைக் கழட்டி வையி. போயி அவனைக் கூட்டிட்டு வா" என்றாள்.

நான் ஓடினேன். வரப்பில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கருவேலத்திலிருந்து கொக்குதான் பறந்தது. வாய்க்கால் கோடியில் உங்கள் முதுகு மட்டும் தெரிந்தது.

"போயிட்டானா?"

"போயிட்டாக."

"கூப்புட்டியா?"

"கத்துனேன்மா."

"கத்துனியா? வாசலுக்கே கேக்கலை. அவனுக்கு எங்குட்டுக் கேக்கும்?" என்றாள். பல மாதத்துக்குப் பிறகு அம்மா என்னைத் திட்டினாள். நான் மாட்டுக் கொட்டடிப் பக்கம் போய் அழுதேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. கிணற்றடியில் அது வலது பக்கம் திரும்பியபோது நீங்கள் ஆம்பூரில் இருந்தீர்கள் என்று சொல்லவில்லை. அதுவும் நீங்கள்தான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அவளைத் திருப்பிவிட்டது நீங்கள் என்று நினைப்பதால்தான் சாப்பிட்டீர்களா என்று கேட்டாளோ என்னவோ. அது நீங்கள் இல்லை என்று நீங்களும் சொல்ல வேண்டாம். வயரைப் பிரித்துத் துடைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. இது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

புது ரிமோட்டை நீங்கள் வந்த பிறகு, அம்மாவுக்கு முன்னால் வைத்துப் பழக்குவோம். பழசு மறந்துபோகிறபோது நாம் மூன்று பேரும் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கே பறக்க விடுவது என்று நீங்கள் சொல்லுங்கள். கிணற்றுப் பக்கம் வேண்டாம்.

அம்மா உங்களை மன்னித்துவிட்டாள் என்று நான் எழுதவில்லை. அது எனக்குத் தெரியாது. உங்களைப் பார்த்ததும் அழுவாள், ஏதாவது சொல்லவும் செய்வாள். தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் சோறு போடுவாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வெஞ்சனம் உங்களுக்குப் பிடிக்குமா என்று இன்று காலையில் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். எழுதிக் கேள் என்றாள்.

வெள்ளிக்கிழமை வாய்க்கால் வழியாக வராதீர்கள். கதவைத் திறந்து வைத்திருப்போம்.

உங்கள் தங்கை
வள்ளி