பார்க்காமலே ‘இல்லை’ என்று சொன்ன கணினி குறித்து

அனுப்புநர்:
தையற்காரர்,
மாடிக் கடை,
பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
காணாமற்போனோர் தேடல் மையம்.

பொருள்: கணினிக் கோப்பின் இட ஒதுக்கீட்டை நிரந்தரமாகச் சீர்செய்யவும், பொறியாளர் மீதான குறிப்பாணையைத் திரும்பப் பெறவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவிக்கு மறதி நோய். சென்ற மாதம் ஒரு மதியம், நான் ஒருவருக்குச் சட்டை அளவெடுத்துக்கொண்டிருந்தபோது படியிறங்கிப் போனவள் திரும்பி வரவில்லை. அன்றே தங்கள் மையத்தில் அவளுடைய வயது, உயரம், இடது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு எல்லாம் சொல்லிப் பதிவு செய்தேன். பெயர் தெரியாமல் மருத்துவமனைகளில் சேர்க்கப்படுவோரின் அடையாளங்கள் தங்களுக்கு வரும் என்றும், மையத்தின் பெரிய கணினி தினமும் காலையில் இரண்டையும் ஒப்பிடும் என்றும் சொன்னார்கள். நம்பினேன்.

2. தினமும் கடை திறக்குமுன் வந்து கேட்டேன். முகப்பு ஊழியர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. திரையைப் பார்த்துவிட்டு, “இன்னும் இல்லைங்க” என்பார். அவர் மீது எனக்குக் குறையில்லை. திரை காட்டியதைத்தான் சொன்னார். அதைக் கேட்டுவிட்டுப் போய்க் கடையைத் திறப்பேன்.

3. உண்மையில் அந்த ஒப்பீடு பல நாட்களாகப் பாதியிலேயே நின்றுபோயிருக்கிறது. திரையில் இருந்தது பழைய முடிவு. இடம் போதவில்லை என்ற பிழை வந்ததால், கணினியின் வட்டு (டிஸ்க்) நிரம்பிவிட்டது என்று கருதி, கணினிப் பிரிவின் மேற்பார்வையாளர் பழைய கோப்புகளை அழிக்கச் செய்திருக்கிறார். அழித்த பிறகும் அதே பிழை.

4. ஒருநாள் எழுந்து போக மனமில்லாமல் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். கையில் தேநீருடன் வந்த கணினிப் பிரிவின் பெண் பொறியாளர், என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். தேநீரைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு உள்ளே போனவர், அது ஆறி ஆடை படிந்த பிறகுதான் வந்தார்.

“டிஸ்க்ல இடம் இருக்குங்கய்யா. ஆனா ஒரு ஃபைலுக்கு இடத்தைத் துண்டு துண்டாத்தான் கொடுக்கும். இந்த மாதிரி ஃபைலுக்கு ஒரு டிஸ்க்ல பதினாறு துண்டு ஆயிட்டா, பக்கத்துல எவ்வளவு காலியா கிடந்தாலும் கையை விரிச்சிடும். டிஸ்க் நிஜமாவே நிரம்பினாலும், இப்படித் துண்டு தீர்ந்தாலும், ரெண்டுக்கும் ஒரே எரர்தான் வரும். அதான் யாருக்கும் பிடிபடலை. ஆஸ்பத்திரி ஃபைல் அப்படித்தான் நிக்குது.”

எனக்குத் தெரிந்த பாஷையில், “ஒட்டுப்போட்டது போதும்மா, புதுத் துணியில வெட்டிடுங்க” என்றேன். அத்தனை கவலையிலும் இருவரும் சிரித்துவிட்டோம். “அதேதான் செய்யப்போறேன்” என்றார்.

5. தொடக்கத்திலேயே அதிக இடம் ஒதுக்கி ஒரு புதிய கோப்பை உருவாக்கி, பழையதை அதில் நகலெடுத்து, ஒப்பீட்டை மறுபடி ஓட்டினார். மணிக்கட்டுத் தழும்பு பொருந்தியது. மூன்று பேருந்து நிறுத்தம் தள்ளியிருக்கும் பொது மருத்துவமனையில்தான் அவள் இத்தனை நாளும் இருந்திருக்கிறாள், ஐயா. நான் போய் நின்றபோது என்னை யாரென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் கட்டிலில் சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். உட்கார்ந்தேன். செவிலியர் வந்து எழுப்பும்வரை எழவில்லை.

6. எழுத்துமூல அனுமதியின்றிக் கோப்பை மாற்றியதற்காக அந்தப் பொறியாளருக்குக் குறிப்பாணை கொடுத்திருப்பதாக அறிகிறேன். விதிகள் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. மேற்பார்வையாளர் அன்று விடுப்பில் இருந்தார். தொலைபேசியில் கூப்பிட்டும் கிடைக்கவில்லை. மறுநாள்வரை காத்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், காத்திருக்க முடியாது. அருள்கூர்ந்து அந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெறுங்கள்.

7. மற்ற கோப்புகளும் அந்தப் பதினாறை நெருங்குகின்றனவா என்று அவ்வப்போது பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஒப்பீடு ஓடாத நாளில் முகப்பில் ‘இல்லை’ என்று சொல்லாமல், ‘இன்று பார்க்கவில்லை’ என்று சொல்லச் செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

8. எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. அன்றைய ஒப்பீட்டில் வேறு சிலரும் பொருந்தியிருக்கிறார்கள். அவர்களைத் தேடியவர்களில் பலர் கேட்டுக் கேட்டு அலுத்து, வருவதை நிறுத்திவிட்டார்களாம். அவர்கள் வரட்டும் என்று இருக்க வேண்டாம். ஆளனுப்பிச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் முகவரிகளைத் தாருங்கள். கடையைப் பூட்டிவிட்டு நானே போகிறேன்.

தங்கள் பதிலுக்காக அல்ல, அந்த வீடுகளின் கதவு தட்டப்படும் என்ற செய்திக்காகக் காத்திருக்கிறேன்.

இடம்: பொது மருத்துவமனை, பெண்கள் பிரிவு
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
தையற்காரர்

குறிப்பு: மனுவை வாசித்துக் காட்டியபோது, தானும் கையெழுத்துப் போட வேண்டும் என்று என் மனைவி பேனாவைக் கேட்டு வாங்கினாள். கீழே இருப்பது அவள் எழுதியது. அவள் எழுதியிருப்பது என் பெயர். அதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.